மண்ணில் நடந்த பாதங்கள்

பெரிய வியாழன் மாலையில் பங்கு மக்கள் பன்னிருவரின் பாதங்களைக் கழுவித் துடைக்கும் கடமை ஆண்டுதோறும் எனக்கு வாய்க்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளாக இதைச் செய்து வருவதால், முகத்தைப் பாராமல் பாதத்தை மட்டும் பார்த்தே ஆளின் தொழிலைச் சொல்லிவிடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அலுவலகம் செல்வோரின் பாதங்கள் வெளுத்து மென்மையாக இருக்கும். ஓட்டுநர்களின் பாதத்தில் செருப்பு வாரின் தடம் பதிந்திருக்கும். நஞ்சை வயலில் உழைப்பவரின் பாதங்களோ எத்தனை முறை நீர் ஊற்றினாலும் மண்ணின் நிறத்தை விடுவதில்லை. குதிகால் வெடிப்புகளுக்குள் சேறு கறுத்துக் குடியிருக்கும். அத்தகைய பாதங்களைக் கையிலேந்தும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு வணக்கம் எழும். அவற்றின் வழியே ஒரு பகைவனும் நுழைந்திருக்கக் கூடும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை, 2017-ஆம் ஆண்டு வரையில்.

அப்போது நான் தாமிரபரணிப் பாசனத்தில் அமைந்த ஒரு பங்கில் பணியாற்றி வந்தேன். அங்கே கிளைக்கிராமம் ஒன்றில் உபதேசியாராக இருந்தவர் ஐம்பத்து நான்கு வயதினர். இரண்டு ஏக்கர் நஞ்சைக்கு உரியவர். விடியற்காலையில் வயலுக்குச் சென்று மடை திறந்துவிட்டு, அதே ஈரக் காலோடு வந்து கோவில் மணியை அடிப்பவர். சர்க்கரை நோய் இல்லை. இரத்த அழுத்தம் மட்டும் இருந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் முகம் வீங்கி, மூச்சு வாங்கி, நகரத்து மருத்துவமனைக்குச் சென்றபோது இரு சிறுநீரகங்களும் பழுதடைந்துவிட்டன என்றனர். வாரம் இருமுறை டயாலிசிஸ். எட்டு மாதங்களில் மாடுகள் போயின. பிறகு ஒரு ஏக்கர் போயிற்று. அவருடைய துணைவியார் தம் சிறுநீரகங்களுள் ஒன்றைத் தர முன்வந்தார். இரத்த வகையும் பொருந்தியது.

குருமடத்தில் ஒழுக்க இறையியல் பயின்ற நாள்களில் இந்தப் பொருளைப் பற்றி நாங்கள் வாதிட்டதுண்டு. ஒரு மனிதனின் உறுப்பை அவனுடைய உடல் முழுவதன் நன்மைக்காக அகற்றலாம் என்பது பழைய நெறி. அழுகிய காலை வெட்டி உயிரைக் காப்பது அதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் நலமான ஒருவரின் உறுப்பைப் பிறருக்காக அகற்றலாமா? அந்தக் கேள்விக்கு அன்பு என்ற ஒரே சொல்லைக் கொண்டுதான் இறையியலார் பலர் விடை கண்டனர். 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மரே ஒரு சிறுநீரகத்தை ஓர் இரட்டையரிடமிருந்து மற்றவருக்கு மாற்றி வைத்தபோது, அதற்கு முன்னர் அவருடைய குழுவினர் பல சமயத் தலைவர்களிடமும் கருத்துக் கேட்டனர். அந்த அறுவைதான் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று. 1956-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் கண்தானத்தைப் பற்றியும், 2000-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உறுப்பு தானத்தைப் பற்றியும் உரையாற்றினர். இவற்றையெல்லாம் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். ஆனால் வாழ்க்கை வைத்த தேர்வில் நான் எழுதிய விடை வேறு.

அறுவைக்கு முன் மருத்துவமனையில் ஒரு நீண்ட படிவம் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. உபதேசியார் அதை என்னிடம் கொண்டு வந்தார். பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, அவரிடம் கேட்டு, நிரப்பிக் கொண்டே வந்தேன். காசநோய் உண்டா, மஞ்சள் காமாலை வந்ததுண்டா, இரத்தம் ஏற்றியதுண்டா என்று வரிசையாக வந்து, நெடுநாளைய தோல்நோயோ அரிப்போ உண்டா என்ற கேள்வியில் நின்றேன். அவர் சிரித்தார். "இடுப்புக்குக் கீழ அப்பப்ப ஒரு அரிப்பு வரும் சாமி. கோடு போட்டாப்ல தடிச்சு ஓடும். ரெண்டு நாள்ல மறைஞ்சிரும். சின்ன வயசுலருந்தே இருக்கு. வயக்காட்டுக்காரனுக்கு அரிப்பு இல்லாமலா?" என்றார்.

நானும் சிரித்தேன். அரிப்பென்று எழுதினால் தோல் மருத்துவரிடம் அனுப்புவார்கள், அறுவை தள்ளிப்போகும், இன்னும் சில வாரம் டயாலிசிஸ், எஞ்சிய ஓர் ஏக்கரும் போய்விடும் என்றெல்லாம் என் மனம் கணக்குப் போட்டது. 'இல்லை' என்று எழுதினேன். அவருக்கு நன்மை செய்வதாகவே எண்ணிக் கொண்டேன்.

அறுவை நன்றாக நடந்தது. மனைவியின் சிறுநீரகம் கணவரின் உடலில் அன்றே சிறுநீரைச் சுரக்கத் தொடங்கியது. இருவரும் ஊர் திரும்பிய அன்று கிராமமே கூடி நன்றி செலுத்தியது.

மாற்று உறுப்பு ஏற்ற உடலுக்கு ஓர் இயல்பு உண்டு. வந்த உறுப்பை அது அந்நியனாகவே கருதும், விரட்டப் பார்க்கும். எனவே உடலின் காவற்படையை அடக்கி வைக்க ஆயுள் முழுவதும் மருந்து உண்ண வேண்டும். நான்காம் மாதத்தில் உபதேசியாரின் உடல் அந்தச் சிறுநீரகத்தை மறுக்கத் தொடங்கியது. மருத்துவர்கள் விரைந்து செயல்பட்டு, மிகுந்த அளவில் ஸ்டீராய்டு ஊசி போட்டனர். சிறுநீரகம் பிழைத்தது. ஆனால் மூன்று வாரத்தில் அவருக்கு வயிற்று வலி வந்தது. வாந்தி, இருமல், பிறகு கடுங்காய்ச்சல். இரத்தத்தில் குடற் பாக்டீரியா கலந்திருப்பதாகக் கண்டு மருந்து கொடுத்தார்கள். தணிந்தது; மீண்டும் வந்தது. வழக்கமாகக் குடலுக்குள் அடங்கி வாழும் பாக்டீரியா, சுவரைத் தாண்டி இரத்தத்துக்கு வந்தது எப்படி என்று யாருக்கும் புலப்படவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் அவருக்கு நான் நோயில் பூசுதல் வழங்கியபோது, அவர் என்னை அடையாளம் காணவில்லை.

அன்றிரவு ஆய்வகத்தில் இருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர் அவருடைய சளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறார். பாக்டீரியாவைத் தேடியவர் கண்ணில் பட்டது வேறொன்று: நெளிந்து நெளிந்து ஓடும் சிறு புழுக்கள். நுரையீரலிலிருந்து வந்த சளியில் உயிருள்ள புழுக்கள்!

அதன் பெயர் ஸ்ட்ராங்கிலாய்டஸ். 1876-ஆம் ஆண்டு, இன்றைய வியத்நாமின் ஒரு பகுதியான கொச்சின்சீனாவிலிருந்து வயிற்றுப்போக்குடன் திரும்பிய பிரெஞ்சுப் படைவீரர்களிடம், துலோன் துறைமுகத்தில் லூயி நார்மன் என்ற கடற்படை மருத்துவர் இதைக் கண்டறிந்தார். மலம் கலந்த ஈர மண்ணில் இதன் இளம்புழுக்கள் வாழும். வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகும். பெரும்பாலும் இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலில் குடியேறும். அங்கே இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள பெண்புழு, ஆணின் துணையின்றியே முட்டையிடும்.

மற்ற குடற்புழுக்கள் பலவும் தம் காலம் முடிந்ததும் மடிந்து போகும். புதிதாக வெளியிலிருந்து புழு வந்தாலன்றி அந்நோய் தொடராது. இப்புழுவோ அப்படியன்று. இதன் குஞ்சுகளில் சில, வெளியேறுவதற்கு முன் குடலுக்குள்ளேயே முதிர்ந்து, குடற்சுவரையோ ஆசனவாயைச் சூழ்ந்த தோலையோ துளைத்து, அதே மனிதனுக்குள் மீண்டும் நுழைகின்றன. இடுப்புக்குக் கீழே கோடு போட்டாற்போல் தடித்து ஓடிய அந்த அரிப்பு, தோலுக்கடியில் இளம்புழு ஊர்ந்து சென்ற தடமே. ஒரு மணி நேரத்தில் பல சென்டிமீட்டர் தூரம் அது ஓடுமாம். இவ்வாறு ஒருமுறை உள்ளே வந்த புழு, தலைமுறை தலைமுறையாக ஒரே உடலில் பல்லாண்டு வாழ்ந்துவிட முடிகிறது.

எத்தனை ஆண்டு என்பதற்கு வரலாறு ஒரு சான்று வைத்திருக்கிறது. 1942-43-இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அமைத்த மரண ரயில்பாதையை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கே மடிந்தனர். அங்கே உழைத்துப் பிழைத்து இங்கிலாந்து திரும்பிய போர்க்கைதிகளை முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியினர் சோதித்தபோது, பலரிடம் இப்புழு உயிரோடு இருந்தது. போர் முடிந்தும், சிறை திறந்தும், அந்தக் காட்டு மண் அவர்களை விடவில்லை.

நலமான உடலில் காவற்படை விழித்திருக்கும்வரை இப்புழு அடங்கியே கிடக்கும். சற்று அரிப்பு, சற்று வயிற்று மந்தம், இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. ஆனால் ஸ்டீராய்டு காவலரை உறங்க வைத்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. அம்மருந்து புழுவின் வளர்ச்சியையே நேரடியாகத் தூண்டக்கூடும் என்று கருதும் அறிஞரும் உளர். புழுக்கள் ஆயிரக்கணக்கில் பெருகிக் குடலைத் துளைக்கின்றன. துளைத்துச் செல்லும்போது குடற் பாக்டீரியாவையும் தம்மோடு இரத்தத்துக்கும் நுரையீரலுக்கும் மூளை உறைக்கும் சுமந்து செல்கின்றன. அந்நிலையில் சிகிச்சை தாமதமானால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. காப்பதற்கென்று கொடுத்த மருந்தே கதவைத் திறந்துவிடுகிறது. 2020-இல் கொரோனா நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுக்கத் தொடங்கியபோதும், இப்புழுவை மறவாதீர் என்று மருத்துவ அறிஞர்கள் எச்சரித்தார்கள்.

மறுநாள் காலையில் சிறுநீரகப் பிரிவின் மூத்த மருத்துவர் என்னை அழைத்து, "ஃபாதர், இவருக்கு முன்பு எப்போதாவது அரிப்பு இருந்ததா? படிவத்தில் இல்லை என்று இருக்கிறது" என்றார்.

ஒப்புரவுத் தொட்டியில் இருபத்தைந்து ஆண்டுகள் அமர்ந்து கேட்டவன், அன்று ஒரு மேசைக்கு எதிரே நின்று சொன்னேன். "இருந்தது டாக்டர். அவர் சொன்னார். நான்தான் இல்லை என்று எழுதினேன்."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கோப்பைத் திருப்பி ஒரு பழைய தாளைக் காட்டினார். அறுவைக்கு முந்திய இரத்தச் சோதனையில் ஈசினோஃபில் கூடியிருந்தது. "இதை நாங்களும் பார்த்தோம். கிராமத்து ஆள், இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டோம். மலத்தை ஒருமுறை சோதித்தோம், ஒன்றும் தெரியவில்லை. ஒரே முறை பார்த்தால் இந்தப் புழு பெரும்பாலும் தப்பிவிடும் என்பதும் எங்களுக்குத் தெரிந்ததுதான். நீங்கள் எழுதியிருந்தால் மறுமுறை தேடியிருப்போம். உங்கள் பேனாவும் எங்கள் கண்ணும் சேர்ந்துதான் இதைச் செய்தன" என்றார்.

அவர் என்னைத் தேற்றவுமில்லை, பழிக்கவுமில்லை. உள்ளதைச் சொன்னார். அதுவே எனக்குப் பெரிய உதவியாயிற்று.

எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைக் குறைத்து, ஐவர்மெக்டின் என்ற மாத்திரையை நாள்தோறும் கொடுக்கலானார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்பது அதன் அளவு. விலை அதிகமில்லாத மருந்து. இதன் வரலாற்றை நான் பின்னர் படித்தபோது வியந்து போனேன். ஜப்பானில் கவானா என்ற கடற்கரை ஊரின் மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா என்ற அறிஞர் பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரியே இதன் தாய். அதற்காக அவரும் வில்லியம் கேம்பெல் என்பவரும் 2015-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அதுமட்டுமன்று. மாற்று உறுப்பைக் காக்கும் பெரும் மருந்துகளும் மண்ணிலிருந்தே வந்தவை. சைக்ளோஸ்போரின், நார்வே நாட்டின் ஹார்டாங்கர் மேட்டுநிலத்து மண்ணில் இருந்த ஒரு பூஞ்சை தந்தது. டாக்ரோலிமஸ், ஜப்பானின் த்சுக்குபா பகுதி மண்ணில் 1984-இல் கண்ட நுண்ணுயிரி தந்தது. சிரோலிமஸ், 1964-இல் ஈஸ்டர் தீவில் திரட்டிய மண்ணிலிருந்து கிடைத்தது. உபதேசியாரின் உடலில் புகுந்த புழுவும் மண்ணின் பிள்ளை. அவர் சிறுநீரகத்தைக் காத்த மருந்தும் மண்ணின் பிள்ளை. அவரை மீட்ட மருந்தும் மண்ணின் பிள்ளை. திருநீற்றுப் புதன்தோறும் மக்கள் நெற்றியில் சாம்பல் பூசி நாம் நினைவூட்டும் அந்த மண்ணுக்கு இத்தனை முகங்கள் உண்டென்று அதுவரை நான் அறியேன்.

ஐந்து வாரங்களுக்குப் பின் அவர் கண் திறந்து பேசினார். உடல் பாதியாக இளைத்திருந்தது. மனைவி தந்த சிறுநீரகம் மட்டும் விடாது உழைத்துக் கொண்டிருந்தது.

அவர் வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து, ஒரு மாலையில் சென்று, கணவன் மனைவி இருவரிடமும் படிவத்தின் கதையைச் சொன்னேன். உபதேசியார் உடனே, "விடுங்க சாமி, நான் சிரிச்சுக்கிட்டுச் சொன்னா நீங்க என்ன செய்வீங்க?" என்றார். அவருடைய துணைவியார் அடுப்படி வாசலில் நின்றிருந்தார். இடுப்பின் பக்கவாட்டில் கையை வைத்திருந்தார். அறுவைக்குப் பின் அவருக்கு அது வழக்கமாகிவிட்டது. "ஏன் சாமி, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே? முப்பது வருசமா ராத்திரி முழிச்சுச் சொறிஞ்சு விட்டவ நான்தானே" என்றார்.

எனக்கு விடை இல்லை. தம் உடலின் ஒரு பகுதியையே கொடுத்த அப்பெண்மணியை, அந்தத் திண்ணையில் நாங்கள் படிவம் நிரப்பிய பொழுதில் ஒருவரும் அழைக்கவில்லை. அவர் உள்ளே எங்களுக்குக் காப்பி போட்டுக் கொண்டிருந்தார்.

இன்று என் பங்கில் யாரேனும் உறுப்பு மாற்றுக்கோ, ஸ்டீராய்டு தேவைப்படும் நீண்ட சிகிச்சைக்கோ செல்வாரெனில், அவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் நான் சிலவற்றைத் தவறாமல் கேட்கிறேன். வெறுங்காலோடு வயலில் உழைத்தவரா? இடம்மாறி ஓடும் அரிப்பு உண்டா? வேறு மாநிலத்திலோ நாட்டிலோ வாழ்ந்தவரா? அவற்றை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள், சிறியதென்று எதையும் விடாதீர்கள் என்கிறேன். இப்புழுவை முன்பே கண்டுபிடிக்க இரத்தச் சோதனை உண்டு. ஐயமிருந்தால் அறுவைக்கு முன்பே மருத்துவர் மருந்து கொடுத்துத் துடைத்துவிட முடியும்.

கொடுப்பவரிடமும் கேட்க வேண்டும் என்பதை நான் பிறகே அறிந்தேன். உறுப்போடு ஒட்டுண்ணியும் வந்துவிடக் கூடும். தென் அமெரிக்க, நடு அமெரிக்க நாடுகளில் சாகஸ் நோய் என்று ஒன்று உண்டு. 1909-இல் கார்லோஸ் சாகஸ் என்ற பிரேசில் மருத்துவர் கண்டறிந்தது. ஒருவகைப் பூச்சியால் பரவும் அக்கிருமி, பல்லாண்டுகள் ஓசையின்றி இதயத்தில் தங்கும். 2001-இல் அமெரிக்காவில் ஒரே கொடையாளியின் உறுப்புகளைப் பெற்ற மூவருக்கு அந்நோய் தொற்றியது. இதய மாற்றில் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியும் இவ்வாறே கொடையாளியின் இதயத் தசையில் உறங்கியபடி வரக்கூடும். அதைத் தடுக்க முன்கூட்டியே மாத்திரை தருகிறார்கள். சிறுநீரகத்தோடு மலேரியா வந்த நிகழ்ச்சிகளும் உண்டு. இதனால் கொடை குறைவுபட்டதாகாது. கொடுப்பவர் தாம் வாழ்ந்த மண்ணையும் நீரையும் காலத்தையும் தம் உறுப்போடு சேர்த்தே கொடுக்கிறார். பெறுபவர் அவையனைத்தையும் பெறுகிறார். ஆகவே கேட்டறிவதும் அன்பின் ஒரு பகுதியே.

உலகில் 30 கோடி முதல் 60 கோடி பேர் வரை இப்புழுவைச் சுமந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் மிகப் பலர் செருப்பும் கழிப்பறையும் எட்டாத ஏழை உழவரே. எனவே இதைப் பெருமருத்துவமனைகளின் கவலை என்று மட்டும் விட்டுவிட இயலாது.

உபதேசியார் இப்போது செருப்பணிந்தே வயலுக்கும் கோவிலுக்கும் வருகிறார். தொடக்கத்தில் அதற்கும் முணுமுணுப்பு எழுந்தது. பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதையில் ஊரே வெறுங்காலோடு மணலில் நடக்க, உபதேசியார் மட்டும் செருப்போடு நடப்பதா என்றார்கள். அன்று மறையுரையில் படிவத்தின் கதையை, என் பெயரை மறைக்காமல், எல்லாருக்கும் சொன்னேன். மறு ஆண்டு செருப்பணிந்து நடந்தவர்கள் பதினைந்து பேருக்குக் குறையாது.

நான் அப்பங்கிலிருந்து மாற்றலாகி வந்த ஆண்டின் பெரிய வியாழனன்று பன்னிருவரில் ஒருவராக அவரும் அமர்ந்திருந்தார். செருப்பைப் பீடத்தின் படியருகே கழற்றி வைத்துவிட்டுக் காலை நீட்டினார். வெடிப்புகள் ஓரளவு மூடியிருந்தன. மண்ணின் கறை மட்டும் போகவில்லை. நீரை ஊற்றித் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். பெண்கள் பக்கத்து வரிசையில் அவருடைய துணைவியார், தழும்பின் மேல் கைவைத்தவராய், எங்களையே பார்த்துக் கொண்டிருந்தார்.